நான் கேட்டு முடித்த நாவல்

எங்கள் வாசகர் வட்டத்தின் தலைவர் ஒரு கூட்டத்தில் எழுந்து, "நான் காகிதத்தை விட்டு ஆறு மாதமாகிறது" என்று அறிவித்தார். புகையிலையை விட்டவர் சொல்கிற மாதிரி இருந்தது. பிறகு ஜோல்னாப் பையிலிருந்து மெல்லிய பலகை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். "மின்னேடு" என்றார். மற்றவர்கள் அதை இ-ரீடர் என்பார்கள். அவருக்கு எதையும் ஒரு தமிழ்ப்பெயர் சூட்டாமல் கையில் எடுக்கப் பிடிக்காது. இந்தச் சின்னப் பலகைக்குள் தன் வீட்டு நூலகமே இருக்கிறது என்றார். நாங்கள் எட்டுப் பேரும் அதை வரிசையாகக் கையில் வாங்கி, எடை பார்த்து, திருப்பிக் கொடுத்தோம்.

விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இரண்டாம் சனிக்கிழமைதோறும் கூடுகிற வட்டம் அது. ஆறு பேர் ஆசிரியர்கள், ஒருவர் வங்கி ஊழியர், ஒருவர் கவிஞர், தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். ஆறு ஆசிரியர்களில் ஒருத்தியான நான்தான் செயலாளர். விழுப்புரத்தில் ஒரு பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன், வீடு திண்டிவனத்தில். வட்டத்தில் என்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போதெல்லாம் தவறாமல் ஒரு வாக்கியம் சொல்வேன்: "எங்க வீட்டுல வாசிக்கிறது நான் ஒருத்திதான்." அதைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமூச்சும் விடுவேன். பெருமூச்சு என் வீட்டுக்காரருக்காக.

அவருக்குத் திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே மோட்டார், பைப்பு விற்கிற கடை. சுற்றுப்பட்டு விவசாயிகள்தான் வாடிக்கை. பத்தாம் வகுப்புக்குப் பிறகு அவர் ஒரு புத்தகத்தைப் பிரித்து நான் பார்த்ததில்லை. செய்தித்தாளில்கூடத் தண்ணீர்மட்டம், மழை, இரங்கல் விளம்பரம், இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்வார். நல்ல மனிதர். ஆனால் வட்டத்தில் யாராவது "உங்க வீட்டுக்காரர் என்ன செய்றாரு?" என்று கேட்டால், "பிசினஸ்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன்.

தலைவரின் பலகையைப் பார்த்த அடுத்த வாரம் நானும் ஒன்று வாங்கினேன். கண்ணுக்கு நல்லது என்று வீட்டில் காரணம் சொன்னேன். பெட்டிக்குள் பலகையும், ஒரு வயரும், பதினைந்து மொழிகளில் அச்சடித்த ஒரு தாளும் இருந்தன. பதினைந்தில் தமிழ் இல்லை. தமிழாசிரியை என்ற முறையில் அதற்காக ஒரு நிமிடம் வருத்தப்பட்டுவிட்டு ஆங்கிலத்தில் படித்தேன்.

முதலில் வைஃபை கேட்டது. கொடுத்தேன். மொழி கேட்டது, நாடு கேட்டது. கொடுத்தேன். பிறகு தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, திரை கறுத்து, வெளுத்து, மறுபடி கறுத்து, முக்கால் மணி நேரம் என்னைக் காக்கவைத்தது. கடைசியில் செல்போன் எண் கேட்டது. யோசிக்காமல் வீட்டுக்காரர் எண்ணைப் போட்டேன். காஸ், ரேஷன், பேங்க், எல்லாம் அவர் எண்தான். பெண்களின் தன்னுரிமை பற்றி வட்டத்தில் இரண்டு கட்டுரை வாசித்தவள் நான்; ஆனால் எண் என்று கேட்டதும் விரல் அதைத்தான் தட்டியது.

ஓடிபி அவருக்குப் போய்விட்டது. கடைக்குப் போன் போட்டேன்.

"ஏங்க, ஒரு நம்பர் வந்திருக்குதா பாருங்க."

"இரும்மா, பைப்பு அளந்துகினு கீறேன்."

"ரெண்டு நிமிஷத்துல போயிடும்ங்க. ஜல்தி!"

"யாரு போயிடுவாங்க?"

"நம்பர்!"

அவர் எண்ணைப் படித்தார். தப்பு என்றது பலகை. அது காஸ் புக்கிங் எண். மறுபடி படித்தார். நேரம் தாண்டிவிட்டது. மூன்றாவது தடவை படித்தபோது பின்னால் யாரோ "முக்கா இஞ்ச் எல்போ ரெண்டு" என்று கத்த, எனக்கு எது எண், எது எல்போ என்று புரியவில்லை. ஐந்தாவது தடவைதான் கதவு திறந்தது.

"இன்னொரு லிங்க்கும் வந்துகிதும்மா. இன்னா பண்றது?" என்று கேட்டார்.

"ஏதாவது பண்ணுங்க" என்று வைத்துவிட்டேன். அவர் ஏதாவது பண்ணினார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த மாதம் வட்டத்துக்கு ஒரு தடித்த நாவல் எடுத்திருந்தார்கள். ஓர் ஏரி, அதன் கீழே நிலம், மூன்று தலைமுறை, பேச்சுவார்த்தை இல்லாத ஓர் அக்காவும் தங்கையும். எண்ணூறு பக்கம். அதைப் பற்றிப் பேசுவது என் முறை. மற்ற மாதமாக இருந்தால் பின்அட்டை, முன்னுரை, நடுவில் பத்துப் பக்கம், கடைசியில் பத்துப் பக்கம் என்று படித்துக்கொண்டு போய்விடுவேன். வட்டத்தில் எல்லோரும் அப்படித்தான். யாரும் யாரையும் குறுக்குக் கேள்வி கேட்கமாட்டோம். ஆனால் இந்தத் தடவை தலைவர், "செயலாளரும் மின்னேடு வாங்கிவிட்டார், ஆழமாக எதிர்பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டார். அதே நாவல் ஒலிப்புத்தகமாகவும் இருந்தது. பஸ்ஸில் போக ஒரு மணி, வர ஒரு மணி. கேட்டே முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

இரண்டையும் இறக்கிவைத்துக்கொண்டு, அட்டைப்படத்தின்மேல் இருந்த ஹெட்போன் அடையாளத்தைத் தொட்டேன். சத்தம் வரவில்லை. காதருகே வைத்துப் பார்த்தேன், குலுக்கிப் பார்த்தேன். ஹெட்போன் செருக ஓட்டை தேடி நான்கு பக்கமும் தடவினேன். ஓட்டையும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. வாயும் இல்லாமல் காதும் இல்லாமல் கதை சொல்கிற பொருளை விற்றிருக்கிறார்கள். தாளை மறுபடி படித்ததில் ப்ளூடூத் மூலம்தான் பேசும் என்று தெரிந்தது. அதைப் போட்டதும் ஒரு பட்டியல் வந்தது. அதில் முதலாவதைத் தொட்டேன். இணைந்துவிட்டது என்று சொன்னது. இன்னமும் சத்தமில்லை.

இரண்டு நிமிடம் கழித்துப் பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டினார். "டீச்சர், எங்க டிவியில சீரியல் ஓடிக்கினு இருக்கசொல்ல ஒரு ஆம்பளக் கொரலு ஏரிக்கரையப் பத்திப் பேசுது. நிறுத்தவே மாட்டேங்குது. பேஜாரா கீது."

மன்னிப்புக் கேட்டுவிட்டு, மறுநாள் காதில் மாட்டுகிற ப்ளூடூத் ஒன்று வாங்கினேன்.

அடுத்த நாள் காலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பையில் பலகை, காதில் கதை. படிப்பவரின் குரல் நன்றாகவே இருந்தது. கொஞ்சம் நிதானம். எனக்கு நேரமில்லாததால் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டேன். அவருக்கு ரயிலைப் பிடிக்கிற அவசரம் வந்துவிட்டது. ஏரி நிரம்பியது, அக்காவுக்குக் கல்யாணமானது, தங்கைக்கும் ஆனது. கூட்டேரிப்பட்டு தாண்டும்போது எனக்குக் கண் சொக்கியது. விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோது விழித்தால் யாரோ ஒருவர் செத்துப்போயிருந்தார். யாரென்று தெரியவில்லை. திருப்பிக் கேட்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் விழுப்புரம் வந்துவிட்டது.

மூன்றாம் நாள் சாயங்காலம் வீட்டில் பலகையைத் திறந்தேன். திரையில் ஒரு கேள்வி நின்றது. இந்தப் புத்தகத்தில் நீங்கள் இதைவிடத் தூரம் போயிருக்கிறீர்கள், அங்கே போகவா என்று. நான் இருந்தது ஏழாம் அத்தியாயம். அது சொன்னது பதிமூன்று.

நேர்மையான மனுஷி என்றால் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் சந்தோஷப்பட்டேன். பஸ்ஸில் தூங்கும்போது அது தன்பாட்டுக்கு ஓடியிருக்கும்; காதில்தானே ஓடியது, உள்ளே எங்காவது இறங்கியிருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன். ஆமாம் என்று தொட்டேன். அதற்குப் பிறகு ஒன்றுவிட்டு ஒருநாள் அதே கேள்வி. நான் கேட்டது அரை அத்தியாயம் என்றால் பலகை எனக்கு ஐந்து அத்தியாயம் வரவு வைத்தது. கடைசி அத்தியாயத்தின் கடைசிப் பாதியை மட்டும் முழு விழிப்போடு கேட்டேன். வயதான அக்கா ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கிறாள், தங்கை வருகிறாள், இரண்டு பேரும் பேசவில்லை, முடிந்துவிட்டது. நூறு சதவீதம் என்று திரை சொன்னது. பாராட்டும் சொன்னது. அதைப் படமெடுத்து வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "முடித்துவிட்டேன். மனம் கனக்கிறது" என்று எழுதினேன். தலைவர் கைகூப்பி அனுப்பினார்.

பேச்சுக்குக் குறிப்பும் எழுதிவிட்டேன். மௌனத்தின் அரசியல். இருப்பின் வெறுமை. உறவுகளின் நடுவே ஏரி ஒரு படிமம். எந்த நாவலுக்கும் பொருந்துகிற குறிப்புகள்; போன வருஷம் வேறு ஒன்றுக்குப் பயன்படுத்தியதுதான்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, வியாழக்கிழமை, தேர்வு என்பதால் பள்ளி மதியமே முடிந்தது. வீட்டுச் சாவியை மறந்து வந்திருந்தேன். திண்டிவனத்தில் இறங்கி நேரே கடைக்குப் போனேன்.

கடை வாசலில் வழக்கமான சத்தம் இல்லை. பைப் அறுக்கிற சத்தம், பேரம், எதுவும் இல்லை. உள்ளே நான்கு விவசாயிகள் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் கறுப்பு ஓஸ் பைப் சுருள்மேல், ஒருவர் மோட்டார் பெட்டிமேல், ஒருவர் தரையில். மோட்டார் பெட்டிமேல் இருந்தவர் கையில் ஒரு எல்போவைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். தேநீர் கோப்பைகளில் ஏடு படிந்திருந்தது. காலையில் சாமிப்பாட்டுப் போடுவதற்காக அலமாரியில் வைத்திருந்த ப்ளூடூத் ஸ்பீக்கரிலிருந்து அந்தக் குரல் வந்தது. எனக்குப் பழகிய குரல்தான். ஆனால் அவசரமே இல்லாமல், ஒவ்வொரு வார்த்தையையும் இறக்கிவைத்துப் பேசியது.

"ஏங்க" என்றேன்.

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்க்காமலே விரலை உதட்டில் வைத்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் என்னைப் பேசாதே என்று சொன்னது அன்றைக்குத்தான்.

நின்றபடியே கேட்டேன். அது எனக்குத் தெரியாத இடம். தண்ணீர் எட்டாமல் அக்காவின் மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலை போட்ட நிலம், காய்ந்துவிடுகிறது. காய் பிடிக்காத செடிகளைப் புருஷனும் பெண்டாட்டியும் பிடுங்கிப் பிடுங்கிக் கட்டி, வீட்டுக்குத் தூக்கி வந்து மாட்டுக்குப் போடுகிறார்கள். மாடு தின்கிறது. மாடாவது தின்னட்டும் என்கிறாள் அவள். அவ்வளவுதான் அத்தியாயம். தரையில் உட்கார்ந்திருந்த பெரியவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். யாரும் அவரைப் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

"அவரு பெருமுக்கல் ஊர்க்காரரு" என்றார் வீட்டுக்காரர், ஸ்பீக்கரை அணைத்துவிட்டு. "மல்லாட்டை புடுங்க ஆள் வந்துட்டாங்கன்னு ரெண்டு நாள் வரல. அவருக்கு உட்டுப்போச்சி. அதான் பத்தாவது அத்தியாயம் மட்டும் திருப்பிப் போட்டேன். நாங்க செவ்வாக்கெழமையே முடிச்சிட்டோம்."

செவ்வாய்க்கிழமைதான் எனக்கும் நூறு சதவீதம் ஆனது. உட்கார இடம் தேடினேன். யாரோ மோட்டார் பெட்டியைத் தள்ளிக்கொடுத்தார்கள்.

அன்று ஓடிபியோடு வந்த லிங்க்கை அவர் அமுக்கியிருக்கிறார். ஏதோ இறங்கியிருக்கிறது. கேட்டதற்கெல்லாம் ஓகே கொடுத்திருக்கிறார். நான் வாங்கிய புத்தகம் அவர் போனிலும் வந்துவிட்டது. சும்மா தொட்டதும், பழகின தோஷத்தில் போன் ஸ்பீக்கரோடு இணைந்து, கடை முழுக்கக் கதை. வாங்க வந்தவர் உட்கார, அவரைத் தேடி வந்தவரும் உட்கார, மத்தியான வேளையில் தினம் இரண்டு மூன்று மணி நேரம் ஓடியிருக்கிறது. அவர்கள் எவ்வளவு தூரம் போனார்களோ, என் பலகை அதைத்தான் என்னிடம் சொல்லி, போகலாமா என்று கேட்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"பொஸ்தகத்தப் பத்திப் பேசறப்ப குறுக்க பேசாதீங்கன்னு நீதான சொல்லிக்கிற."

சொல்லியிருக்கிறேன். பலமுறை.

விளக்கு வைத்தபின் நாங்கள் சாப்பிடுவதில்லை. மேல்சித்தாமூர்ப் பக்கத்துத் தமிழ்ச் சமணர்கள் நாங்கள்; எங்கள் இரண்டு பேர் குடும்பத்துக்கும் அது பழக்கம். ஆகவே வெளிச்சம் இருக்கும்போதே தோசையை வார்த்து வைத்துவிட்டு, நோட்டோடு எதிரே உட்கார்ந்தேன். "எனக்கு நடுவுல கொஞ்சம் விட்டுப்போச்சு. என்ன ஆச்சு சொல்லுங்க."

"எது உட்டுப்போச்சி?"

"ஏழுலேர்ந்து... கடைசி வரைக்கும்."

அவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. தோசையைத் தள்ளிவைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். மேஜைமேல் சட்னிக் கிண்ணம் ஏரி, கரண்டி கால்வாய், தட்டு தங்கையின் நிலம். வறண்ட வருஷத்தில் தங்கையின் புருஷன் தண்ணீர் முறையை மாற்றி மதகைத் திறந்துகொள்கிறான். அக்காவின் கொல்லைக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. தங்கைக்கும் தெரியும்.

"அப்ப அந்த மௌனம்?" என்றேன். என் குறிப்பில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தேன்.

"இன்னா மௌனம்? தண்ணி எடுத்தவ எந்த மொகத்தோட பேசுவா? கொல்லை காஞ்சவ இன்னான்னு பேசுவா? கடைசில தங்கச்சி கரைக்கு வரா பாரு, அவ பேச வரல. மதகு பக்கம் உக்காராம அக்காவுக்குக் கீழ்ப்பக்கம் உக்காருறா. கவனிச்சியா? இனிமே தண்ணி மொதல்ல ஒனக்குத்தான்னு சொல்றா. வாயத் தொறக்காமயே சொல்றா."

அந்தக் காட்சியை முழு விழிப்போடு கேட்டவள் நான். யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்று எனக்கு ஞாபகமே இல்லை.

சனிக்கிழமை நான் அதையெல்லாம் பேசினேன். இருப்பின் வெறுமையை அடித்துவிட்டு, மதகு, முறைத்தண்ணீர், யார் மேலே, யார் கீழே என்று நாற்பது நிமிடம். இடையில் ஒருதடவை "என் வீட்டுக்காரர்" என்று வாய்வரை வந்தது. தண்ணீர் குடித்து விழுங்கிவிட்டேன். பேசி முடித்ததும் கைதட்டினார்கள். கவிஞர் எழுந்து நின்றே தட்டினார். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "இது நீரியல் நோக்கு. புதிது" என்றார். போண்டா வந்தது. இருட்டிவிட்டதால் நான் எடுக்கவில்லை. அதையும் அவர்கள் என் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

திண்டிவனம் பஸ் நிலையத்துக்கு அவர் வண்டியோடு வந்திருந்தார். பின்னால் உட்கார்ந்து போகும்போது, முகம் பார்க்க வேண்டியதில்லை என்ற தைரியத்தில் சொல்லிவிட்டேன். "நீங்க சொன்னதத்தான் பேசினேன். உங்க பேரச் சொல்லல. ரொம்பக் கைதட்டினாங்க."

அவர் வேகத்தடையில் வண்டியை மெதுவாக ஏற்றி இறக்கினார். பிறகு, "யாராச்சும் அழுதாங்களா?" என்று கேட்டார்.

"அழுவாங்களா? வாசகர் வட்டமுங்க."

"அப்பன்னா அந்த மல்லாட்டை புடுங்கற எடத்த நீ சரியா சொல்லல" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. பைப்பில் எங்கே கசிகிறது என்று காட்டுகிற மாதிரி சொன்னார். அவர் சொன்னது சரிதான். அந்த இடத்தை நான் சொல்லவே இல்லை. அதில் கருத்து எதுவும் இல்லை என்று விட்டுவிட்டிருந்தேன்.

மறுமாதம் வட்டத்தின் கையடக்கப் பத்திரிகை வந்தது. நாற்பது பிரதி அடிப்போம். முப்பது எங்களிடமே இருக்கும். முதல் கட்டுரை தலைவருடையது. 'நீரியல் நோக்கில் ஒரு நாவல்'. மதகு, முறைத்தண்ணீர், மேல்நிலம், கீழ்நிலம், எல்லாம் இருந்தது. என் பெயர் இல்லை. பஸ்ஸில் படிக்கப் படிக்க எனக்குக் காது சூடாகிவிட்டது. எவ்வளவு துணிச்சல், அடுத்தவர் யோசனையை இப்படி எடுத்துக்கொள்ள ஒரு மனிதருக்கு எப்படி மனசு வருகிறது என்று பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் சொல்லவே வாயெடுத்தேன். கூட்டேரிப்பட்டு வரும்போதுதான் யாருடைய யோசனை என்பது உறைத்தது. வாயை மூடிக்கொண்டேன்.

இறங்கி நேரே கடைக்குப் போனேன். அதே நான்கு பேரோடு இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். புதுப் புத்தகம் ஓடிக்கொண்டிருந்தது; வீட்டுக்காரர் அவரே தேடி வாங்கியது. அதை நிறுத்தச் சொல்லி, கட்டுரையை உரக்கப் படித்துக்காட்டினேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். ஒரு பக்கம் முடிந்ததும் பெருமுக்கல்காரர் மெதுவாகக் கேட்டார்.

"யாரும்மா இவரு? எந்த ஊரு?"

"விழுப்புரங்க. பெரிய பேராசிரியர்."

"அதான பாத்தேன். தங்கச்சி நெலம் ஏரிக்கு மேலாண்ட கீதுன்றாரு. ஏரிக்கு மேலாண்ட மேட்டு நெலத்துக்கு எப்டிம்மா மதகுத் தண்ணி ஏறும்? மோட்டார் வெச்சா?"

ஆறு பேரும் சிரித்தார்கள். மோட்டார் விற்கிறவர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். நான் தாளைப் பார்த்தேன். தலைவர் அப்படித்தான் எழுதியிருந்தார். என் பேச்சிலும் நான் அப்படித்தான் சொன்னேனா என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. சொல்லியிருப்பேன்.

"சரி, அத மடிச்சி வையி. ஆறாவது பாதியில நிக்கிது" என்றார் வீட்டுக்காரர்.

ஓஸ் பைப் சுருளில் ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்தேன். புதுக் கதையில் ஒரு பெண் தன் ஊருக்கு வருகிற முதல் பஸ்ஸைப் பார்க்கக் காத்திருந்தாள். யார் அவள், ஏன் காத்திருக்கிறாள் என்று பக்கத்திலிருந்தவர் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி முன்கதை சொன்னார். நடுவில் ஒருத்தர் வாசலில் வண்டியை நிறுத்தி, "ஒரு இஞ்ச் வால்வு கீதாண்ணா?" என்று உள்ளே வந்தார்.

"இருங்க, இந்த எடம் முடியட்டும்" என்று அவரை உட்காரச் சொன்னது நான்தான்.